காகித இறக்குமதி: இரு நாடுகள், இரு கவலைகள்

2022 மார்ச் மாதம் இலங்கையின் மேல் மாகாணத்தில் தவணைத் தேர்வுகள் தள்ளிப்போயின. கேள்வித்தாள் அச்சிடக் காகிதமும் இல்லை, மையும் இல்லை. அதே மாதம் 'தி ஐலண்ட்', 'திவயின' நாளிதழ்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. உலகச் சந்தையில் காகிதம் இருந்தது. வாங்கத்தான் டாலர் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியா வேறொரு முடிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காகிதம் இறக்குமதி செய்வோர் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்றது. வெளிநாட்டுக் காகிதம் மலிவாக வந்து குவிகிறது என்பது இங்குள்ள ஆலைகளின் கவலை.

வரி இறங்கியது, வரத்து ஏறியது

ஆசியான் நாடுகளுடனான வணிக ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்துக்கும் அட்டைக்குமான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து, 2014 ஜனவரி முதல் அறவே நீங்கியது. ஆசியானில் உள்ள இந்தோனேசியாவின் ஆலைகளுக்குப் பின்னால் பரந்த மரத்தோட்டங்கள் உள்ளன. இந்திய ஆலைகளோ சவுக்கையும் தைல மரத்தையும் விவசாயிகளிடம் விலைகொடுத்து வாங்குகின்றன. போட்டி சமமாக இல்லை.

வரியை ஏற்றினால் இன்னொரு தரப்புக்கு வலிக்கும். 2019இல் செய்தித்தாள் காகிதத்துக்கு 10 சதவீத வரி விதித்தபோது பத்திரிகைகள் எதிர்த்தன; 2020இல் அது 5 சதவீதமானது.

சக்கையும் வைக்கோலும்

இரு நாடுகளும் மரத்தை மட்டும் நம்பாமல் காகிதம் செய்ய முயன்றவைதான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழக அரசின் டிஎன்பிஎல் ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த கரும்புச் சக்கையை, மாற்று எரிபொருளுக்கு வழிசெய்து வாங்கிக்கொண்டது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அட்டை ஆலையும் எழுப்பியது.

இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனை கடதாசி ஆலை 1950களில் வைக்கோலைக் கொண்டு இயங்கத் தொடங்கியது. பின்னர் எம்பிலிப்பிட்டியிலும் ஓர் ஆலை வந்தது. உள்நாட்டுப் போர், பழைய இயந்திரங்கள், நட்டம் எல்லாம் சேர்ந்து வாழைச்சேனையை முடக்கின. எம்பிலிப்பிட்டியும் மூடப்பட்டது. இறக்குமதியே முக்கிய வழி என்றானது.

கணக்கில் தெரியாதது

வணிகப் புள்ளிவிவரத்தில் காகிதமும் அட்டையும் 48ஆம் அத்தியாயம். மரக்கூழும் கழிவுக் காகிதமும் 47ஆம் அத்தியாயம். இந்தியா இரண்டிலும் பெரிய இறக்குமதியாளர். ஆனால் 47இல் வருவது இங்குள்ள ஆலைக்குள் போய், வேலையும் கூலியும் தந்து காகிதமாகிறது. 48இல் வருவது முடிந்த சரக்கு. எத்தனை டன் வந்தது என்று மட்டும் பார்த்து இரு நாடுகளை ஒப்பிட்டால், இந்த வேறுபாடு கண்ணில் படாது.

இறக்குமதி குற்றமல்ல. சிறிய சந்தை கொண்ட இலங்கை எல்லாவகைக் காகிதத்தையும் தானே செய்ய முடியாது. ஆனால் பாடநூலுக்கும் தேர்வுக்கும் தேவையானதையாவது உள்நாட்டுக் கழிவுக் காகிதத்திலிருந்து செய்யும் திறனை அது மீட்டாக வேண்டும். இந்தியாவும் வரிச்சுவரை மட்டும் நம்பக்கூடாது. மரம் வளர்க்கும் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையும், வீடுதோறும் பழைய காகிதத்தைத் தரம்பிரித்துச் சேர்க்கும் ஏற்பாடும் இருந்தால் ஆலைகள் நிமிரும். டாலர் வற்றினாலும் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும். காகிதக் கொள்கைக்கு அதுதான் முதல் அளவுகோல்.