தீர்ப்பு தராததைத் தரும் சங்கம்

ஒரு பாஷையைச் சட்டத்தினால் ஒடுக்கிவிடலாம். ஆனால் சட்டத்தினாலேயே அதை மீண்டும் தழைக்கச் செய்ய முடியுமா? முடியாது என்பதே நமது அபிப்பிராயம். பாஷை விஷயத்தில் சர்க்கார் இழைக்கும் அநீதியை நியாயஸ்தலம் தடுத்து நிறுத்தலாம். ஆனால், வகுப்பை விட்டு ஓடிப்போன மாணவனைத் திரும்ப அழைத்து வருவது நியாயஸ்தலத்தின் வேலையன்று. அது உபாத்தியாயரின் வேலை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஜெர்மன் பாஷை பட்ட பாட்டையும், அப்பாஷையைப் பயிலும் மாணவர்களுக்கென அங்கே நடைபெற்று வரும் கௌரவ சங்கங்களையும் பார்ப்பவர்களுக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

1915-ம் வருஷத்தில் அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஜெர்மன் பயின்று வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் சந்ததியார் மாதா கோவிலிலும், பத்திரிகையிலும், பள்ளிக்கூடத்திலும் தங்கள் பாஷையைப் போற்றி வந்தார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா மகா யுத்தத்தில் இறங்கிற்று. அவ்வளவுதான், ஜெர்மன் சக்கரவர்த்தியின் மீது எழுந்த கோபம் ஜெர்மன் இலக்கணப் புஸ்தகத்தின் மீது பாய்ந்தது. 1918-ல் அயோவா மாகாணத்தின் கவர்னர் ஹார்டிங், பள்ளிக்கூடங்களிலும், பொது இடங்களிலும், ரயில் வண்டிகளிலும், டெலிபோனிலுங்கூட இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை கூடாதென்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். புளிக்க வைத்த முட்டைக்கோஸுக்கு ஜெர்மன் பெயர் ஆகாதென்று கருதி, 'சுதந்திரக் கோஸ்' என்று அதற்கு நாமகரணம் செய்தார்கள்! இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் 1922-ம் வருஷத்தில் ஜெர்மன் பயின்ற ஹைஸ்கூல் மாணவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை என்பது சிரிக்கக்கூடிய விஷயமன்று.

யுத்தம் முடிந்த பிறகும் துவேஷம் முடியவில்லை. 1919-ல் நெப்ராஸ்கா மாகாணச் சட்டசபை, எட்டாம் வகுப்புத் தேறாத குழந்தைக்கு இங்கிலீஷ் தவிர்த்த எந்த நவீன பாஷையையும் கற்பிப்பது குற்றம் என்று சட்டம் செய்தது. ராபர்ட் மேயர் என்ற கிராம உபாத்தியாயர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 1920 மே மாதத்தில் ஜெர்மன் வாசிக்கக் கற்பித்தார். அவருக்கு இருபத்தைந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மாகாணத்து மேல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. தொகை அற்பந்தான். ஆயினும் மேயர் விடவில்லை. வழக்கு வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1923 ஜூன் 4-ந் தேதி நீதிபதி மக்ரெய்னால்ட்ஸ் கூறிய தீர்ப்பில் தண்டனை ரத்தாயிற்று. அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் 'சுதந்திரம்' என்று குறிப்பிடுவதில், உபாத்தியாயர் கற்பிக்கும் உரிமையும், அதற்கென அவரை அமர்த்திக் கொள்ளப் பெற்றோருக்குள்ள உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பெரும் புகழ் பெற்ற நீதிபதி ஹோம்ஸ் இந்த வழக்கில் எதிர்த் தரப்பில் நின்றார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். எவ்வளவு பெரிய அறிவாளியும் சில சமயங்களில் சட்டசபைக்கு வேண்டியதற்கு மேல் இடங்கொடுத்து விடுகிறார்.

உரிமை கிடைத்துவிட்டது. மாணவர்கள் எங்கே? கற்பித்தால் குற்றமில்லை என்று சொல்வது வேறு. கற்றால் பெருமை என்று சொல்வது வேறு. தெருவிலே பழிக்கப்பட்ட பாஷையைத் தன் மகன் படிக்க வேண்டுமென்று எந்தத் தகப்பனார் விரும்புவார்? பாஷைக்குப் போன உரிமை திரும்பியது. போன மரியாதை திரும்பவில்லை. அம்மரியாதையை மீட்கும் வேலையை உபாத்தியாயர்களே மேற்கொண்டார்கள். 1926-ல் அமெரிக்க ஜெர்மன் உபாத்தியாயர் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருஷம், தென் கரோலினா மாகாணத்தில் ஸ்பார்ட்டன்பர்க் என்ற ஊரிலுள்ள வாபோர்டு காலேஜில், டெல்டா பை ஆல்பா என்னும் ஜெர்மன் கௌரவ சங்கம் தோன்றியது. தேசமெங்கும் பிரசித்தமான பெரிய சர்வகலாசாலையில் அது தோன்றவில்லை. சிறியதொரு காலேஜில் தோன்றிப் பிறகு தேசீய ஸ்தாபனமாக வளர்ந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கௌரவ சங்கம் என்பது நம்மவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஏற்பாடு. 1776-ல், அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே வருஷத்தில், வர்ஜீனியாவில் வில்லியம் அண்டு மேரி காலேஜ் மாணவர்கள் சிலர் பை பீட்டா காப்பா என்ற கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்டு ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதன் வழி வந்தவையே கிரேக்கப் பெயருடைய மற்றச் சங்கங்கள். 1921-ல் ஹைஸ்கூல்களுக்கும் ஒரு தேசீய கௌரவ சங்கம் ஏற்பட்டது. ஜெர்மன் பாஷையைப் பொறுத்தமட்டில், காலேஜ் மாணவர்களுக்கு டெல்டா பை ஆல்பாவும், ஹைஸ்கூல் மாணவர்களுக்கு உபாத்தியாயர் சங்கத்தின் ஆதரவிலுள்ள டெல்டா எப்சிலான் பை என்ற சங்கமும் இருக்கின்றன.

இவற்றை நடத்தும் முறை எளிது. தேசீய காரியாலயம் விதிகளை வகுக்கிறது; பள்ளிகளும் காலேஜுகளும் கிளைகளை அமைக்கின்றன. ஜெர்மனில் சில பருவங்களாவது படித்து, அதில் உயர்ந்த மார்க்கும், ஏனைய பாடங்களில் திருப்தியான மார்க்கும் பெற்றவர்களே அங்கத்தினராகலாம். தகுதி பெற்றவர்களின் ஜாபிதாவைத் தயாரிப்பது, மார்க்குகளைச் சரிபார்ப்பது, கட்டணம் வசூலித்து அனுப்புவது, அத்தாட்சிப் பத்திரங்களை வரவழைப்பது, பிரவேச வைபவத்துக்கு நாள் குறித்துப் பெற்றோரை அழைப்பது ஆகிய யாவும் ஒரே ஒருவர் தலையில் விழுகின்றன. அவரே கிளையின் ஆலோசகரான ஜெர்மன் உபாத்தியாயர். வகுப்பு நடத்தி முடித்த பிறகு, தனிச் சம்பளம் எதிர்பாராமல் அவர் செய்யும் ஊழியம் இது. பட்டமளிப்பு நாளில் மாணவனின் கழுத்தில் தொங்கும் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கயிற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னாலுள்ள உபாத்தியாயரின் மாலை நேரங்களை யாரும் பார்ப்பதில்லை.

இச்சங்கங்களின் மீது இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவனுக்குப் பட்டம் சூட்டி என்ன பயன் என்பது ஒன்று. காலேஜில் இடம் தேடும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காகவே பிள்ளைகள் இதில் சேருகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது ஆட்சேபத்தில் உண்மை இல்லாமலில்லை. வைபவத்தன்று தீபம் ஏற்றி, கையெழுத்திட்டு, படம் பிடித்துக்கொண்டு, மறு வருஷம் வரை உறங்கும் கிளை கௌரவ சங்கமன்று. அத்தாட்சிப் பத்திரக் கடையே ஆகும். ஆனால் முதலாவது ஆட்சேபத்தை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கௌரவம் பெறுகிறவன் ஒருவனே என்றாலும், அதைப் பார்க்கிறவர்கள் நூறு பேர். பெற்றோர் முன்னிலையில் ஒரு பாஷைக்காக ஒரு மாணவன் மேடைக்கு அழைக்கப்படும்போது, அப்பாஷையே மேடைக்கு அழைக்கப்படுகிறது. 1918-ல் தெருவில் பறிபோனது இந்த மரியாதைதானே?

ஜெர்மன் பாஷைக்கு மரியாதை செய்வது ஜெர்மன் சர்க்காருக்கு மரியாதை செய்வதாகுமா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். இதற்குச் சரித்திரமே பதில் கூறிவிட்டது. தாமஸ் மான் 1933-ல் ஹிட்லர் ஆட்சியின் காரணமாகத் தாய்நாட்டைத் துறந்தார். 1938-ல் அமெரிக்காவில் குடியேறினார். அங்கிருந்தபடி நாஜிகளைக் கண்டித்து ரேடியோவில் பேசினாரே, அது எந்தப் பாஷையில்? ஜெர்மனில்தான்! பாஷை எந்த அரசனுக்கும் சொந்தமன்று. கொடுங்கோலனும் அதில் பேசுகிறான். அவனை எதிர்ப்பவனும் அதிலேயே பேசுகிறான்.

இன்று ஜெர்மன் வகுப்பைச் சட்டம் மூடவில்லை. வரவு செலவுக் கணக்கு மூடுகிறது. 2016-ம் வருஷத்துக்கும் 2021-ம் வருஷத்துக்கும் இடையே அமெரிக்கக் காலேஜுகளில் ஜெர்மன் பயில்வோர் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள். 2023-ல் மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையின் நிர்வாகிகள், பணமுடையைக் காட்டி, அந்நிய பாஷைப் பட்டப் படிப்புக்களையே எடுத்துவிடத் தீர்மானித்தார்கள். அபராதம் விதித்தால் மேயரைப் போல் கோர்ட்டுக்குப் போகலாம். 'மாணவர் போதவில்லை, ஓய்வு பெற்ற உபாத்தியாயரின் ஸ்தானத்தில் வேறொருவர் நியமிக்கப்பட மாட்டார்' என்று சொன்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? ஆலோசகர் போனால் வகுப்புப் போகிறது. வகுப்புப் போனால் கிளையும் போகிறது. பகைமையைத் தீர்ப்பினால் வெல்லலாம். அசிரத்தையைத் தீர்ப்பினால் வெல்ல முடியாது.

ஆகவே, இச்சங்கங்களை நடத்துவோர் கௌரவத்தைக் கடமையாக மாற்ற வேண்டும். அங்கத்தினராகும் ஒவ்வொருவனும் கீழ் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு அவ்வருஷம் முழுதும் ஜெர்மன் கற்பிக்கட்டும். ஆலோசகரின் பளுவை மாணவர்களிலேயே ஒரு காரியதரிசியும் பொக்கிஷதாரரும் பகிர்ந்து கொள்ளட்டும். பிரவேச வைபவத்தைக் கலாசாலைக்குள் அடைத்து வைக்காமல் ஊராரையும், நிர்வாகிகளையும் அழைத்து நடத்தட்டும். வகுப்பை மூடும் அதிகாரம் உடையவர்கள் அதன் பலனை ஒரு தடவையாவது நேரில் காணட்டும். கிளையின் பெருமையை, எத்தனை கயிறுகள் வழங்கினோம் என்று கணக்கிடாமல், அடுத்த வருஷம் முதல் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கணக்கிடட்டும்.

நெப்ராஸ்காவின் உபாத்தியாயர் இருபத்தைந்து டாலரைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், அவர் போகவில்லை. அவர் பெற்றுத் தந்தது கற்பிக்கும் உரிமை. அவ்வுரிமை ஏட்டோடு நின்றுவிடாமல் இருப்பது, ஒவ்வொரு பள்ளியிலும் மாலையில் விளக்கேற்றி அங்கத்தினர் ஜாபிதா எழுதும் உபாத்தியாயரையும், அவர் அளிக்கும் கௌரவத்துக்கு மாணவன் செலுத்தும் உழைப்பையுமே பொறுத்திருக்கிறது.