நடக்கவிட்டுப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள்!

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். பெயரைக் கேட்டதும், "அப்போ நீங்க தோக்கவே மாட்டீங்களா?" என்று கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாய்க்குட்டி விஷயத்தில் நான் நன்றாகவே தோற்றேன். அந்தக் கதையைச் சொன்னால் சகோதரிகள் ஒருவருக்காவது உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது என் இளைய மகன் ஆறாம் வகுப்பு. நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளைக் குட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன்! பேசிய பையன் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்றான். "குட்டியைப் பார்க்கணுமே" என்றேன். உடனே ஒரு வீடியோ அனுப்பி வைத்தான். குட்டி துள்ளித் துள்ளி ஓடுகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

முன்பணம் 2,000 ரூபாய் போட்டேன். மறுநாள் கூண்டுக்கு 1,500 என்றான். அதற்கடுத்த நாள் ஊசி சர்டிபிகேட்டுக்கு 1,000. மொத்தம் 4,500 ரூபாய், எல்லாம் என் சிறுவாட்டுப் பணம். "இன்னிக்குச் சாயங்காலம் வண்டியில வந்துரும்க்கா" என்றவன் அதோடு போனை அணைத்துவிட்டான். என் மகன் குட்டியைப் பொதிந்து தூக்க ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு போய், பைபாஸ் ஸ்டாப்பில் இருட்டும் வரை நின்றான். அவனைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

என் மாமியார் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏ தாயி, எட்டயபுரம் சந்தையில கயித்தப் பிடிச்சு நடக்கவிட்டுப் பாக்காம எவனாவது ஆட்டுக்குத் துட்டு குடுப்பானா? நீ படத்தப் பாத்துட்டுக் குடுத்திருக்கியே!"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை கூடும் எட்டயபுரம் சந்தையில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், முதுகைத் தடவுவார்கள், பத்தடி நடத்திப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் விலை பேச்சு. எனக்கு வந்தது, யாரோ எப்போதோ எடுத்த வீடியோ. அது எவர் வீட்டுக் குட்டியோ! நேருக்கு நேர் பேசும் வீடியோ கால் அப்படியல்ல. நாம் சொன்னபடி அந்தப் பக்கம் செய்து காட்டியாக வேண்டும். ஏமாற்றுகிறவன் இதற்கு மட்டும் வரமாட்டான். "கேமரா ரிப்பேர்", "சிக்னல் இல்லை" என்று நழுவுவான். அப்படி நழுவினால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவை

சில மாதம் கழித்து, கழுகுமலைப் பக்கம் ஒருவர் வீட்டில் கன்னி நாய் குட்டி போட்டிருப்பதாக என் நாத்தனார் சொன்னார். கரிசல்காட்டு வெயிலுக்குப் பிறந்த ஜாதி கன்னியும் சிப்பிப்பாறையும். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால்தான் கன்னி என்ற பெயர் வந்தது என்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இதை வைத்துக்கொண்டு, குளிர்தேசத்துப் பஞ்சுப் பொதிக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன், பாருங்கள்!

இந்தத் தடவை பட்டப்பகலில் வீடியோ கால் போட்டோம். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கேட்டவை இவைதான்:

முதலில் தாய் நாயைக் காட்டச் சொன்னோம். குட்டிகள் அதனிடம் பால் குடிக்க ஓடினால் குட்டியும் அங்கே பிறந்ததுதான் என்று நம்பலாம். இங்கிலாந்தில் 2020-லிருந்து, ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியை வளர்த்தவரிடமே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பிறகு குட்டிகளை மடியிலிருந்து இறக்கித் தரையில் நடக்கவிடச் சொன்னோம். கண்ணில் பீளை, மூக்கில் சளி, ஆசனவாயைச் சுற்றிக் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் பூச்சி.

ஊசிப் புத்தகத்தைக் கேமராவுக்கு அருகே பிடிக்கச் சொன்னோம். அதில் தேதி, மருந்தின் லேபிள், டாக்டர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும், அதற்குத்தான் இது. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில்.

வயதையும் கேட்டோம். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியே சொல்கிறது.

எல்லாக் குட்டியும் நடந்தது, ஒன்று மட்டும் எழவில்லை. "அது ஏன் அண்ணாச்சி சுருண்டு கெடக்கு?" என்றேன். மனுஷர் மறைக்கவில்லை. "நேத்துலருந்து சரியாக் குடிக்கலைம்மா" என்றார். மாட்டாஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டு, "பத்து நாள் கழிச்சுப் பாக்கோம்" என்றோம். ஒன்றுக்கு நோய் என்றால் மற்றவற்றுக்கும் ஒட்டியிருக்கலாம் அல்லவா? நல்லவேளையாக அது வயிற்றுப் பூச்சிதான். மருந்து கொடுத்துக் குணமாகி, அடுத்த வீடியோ காலில் அதுவே முதல் ஆளாக ஓடி வந்தது. "அம்மா, அதுதான் வேணும்" என்றான் மகன்.

அப்போதும் பணம் அனுப்பவில்லை. கோவில்பட்டி போய்ப் பஸ் மாறி, நேரில் தொட்டுத் தூக்கிப் பார்த்த பிறகே கொடுத்தோம். வீடியோவில் வாடை தெரியாது, காய்ச்சல் தெரியாது. அது சந்தைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான், சந்தைக்கே பதில் அல்ல.

விற்கிறவர்களுக்கும்…

இப்போது எங்கள் கருப்பி ஐந்து குட்டிகளுக்குத் தாய். விற்க நினைத்தபோது, மிலிட்டரி ஆபீசர் என்று ஒருவர் பேசினார். "இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்" என்றார். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டும்தான். வெட்டிவிட்டேன்.

வாங்க வருகிறவர்களையும் வீடியோ காலில் பாருங்கள். குட்டி எங்கே படுக்கும், நிழல் இருக்கிறதா, ஓட இடம் உண்டா என்று காட்டச் சொல்லுங்கள். சென்னையில் மாடி வராந்தாவில் கட்டிப்போட ஒருவர் கேட்டார். ஓடப் பிறந்த ஜாதி அது, மனசு வரவில்லை, மறுத்துவிட்டேன்.

நம் பாதுகாப்பும் முக்கியம். ராத்திரியில் முன்பின் தெரியாதவர் வீடியோ காலை எடுக்காதீர்கள். பேசும்போது வீட்டில் ஒருவர் கூட இருக்கட்டும். பீரோவும் நகையும் தெரியாமல் முற்றத்துச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். குழந்தைகளைத் தனியாகப் பேச விடாதீர்கள். பச்சைக்கிளி விற்கிறேன் என்று யார் காட்டினாலும் ஆசைப்படாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி நாட்டுக் கிளியை விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அன்று எனக்கு இது தெரியாது. "என்ன சொல்வாரோ" என்று வீட்டுக்காரரிடம் சொல்லவே இரண்டு நாள் தயங்கினேன்.

இன்றும் குட்டி விஷயமாக யார் வீடியோ கால் போட்டாலும் என் மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "நடக்கவிடச் சொல்லு தாயி!"