இரண்டு பனைமரமும் ஒரு கம்பியும்

மரக்காணத்தில் உப்பு விளையும் பருவமும் புயல் வரும் பருவமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினால் புரட்டாசி வரை கரையெங்கும் வெள்ளைக் குவியல்கள் தெரியும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் தண்ணீருக்கடியில் போய்விடும். உப்பளத்தில் வேலை இராது. அடுத்த இரண்டு மூன்று மாதங்களும் கடலிலிருந்து என்ன வருகிறதென்று பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி வந்த நிவர், புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட கரையை மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது காற்று அவ்வளவு இல்லை. ஆனால் உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல் நாட்களில் எல்லாம் ஒரே வரிசையில்தான் அணைகின்றன. முதலில் மின்சாரம் போகிறது. சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரி தீர்கிறது. டீசல் கொண்டுவர வேண்டிய சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது. கையிலிருக்கும் போன் டார்ச் விளக்காக மட்டும் மிஞ்சுகிறது.

அந்த நேரத்துக்கென்றே ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. ஹாம் ரேடியோ என்கிற அமெச்சூர் வானொலி. கோபுரமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். ஒரு டிரான்ஸீவர், ஒரு 12 வோல்ட் பேட்டரி, இரண்டு பனைமரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய 20 மீட்டர் செம்புக் கம்பி போதும். 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையை மட்டுமல்ல, மதுரையையும் பெங்களூரையும் தொடும். ஆனால் பொத்தானை அழுத்திப் பேச உரிமம் வேண்டும். உரிமம் வாங்கும் வழி அன்று ஒன்றாகவும் இன்று வேறொன்றாகவும் இருக்கிறது.

அன்று என்பது வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோப் பெட்டிக்கே தபாலாபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம். கேட்பதற்கே அப்படியென்றால் பேசுவதற்கு எத்தனை தடை இருந்திருக்கும்! 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் தலைக்கு மேல் நின்றன. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. போருக்குப் பின் விண்ணப்பம் டெல்லிக்குப் போனது. தேர்வில் வால்வுச் சுற்றுகளை வரைந்து விளக்க வேண்டும். அதற்குப் பிறகு புள்ளியும் கோடுமான மோர்ஸ்.

மோர்ஸ் தேர்வுதான் பலரைத் திருப்பி அனுப்பியது. இரண்டாம் கிரேடு உரிமத்துக்கு நிமிடத்துக்கு 5 சொல். ஐந்து எழுத்து ஒரு சொல் என்பது கணக்கு. ஐந்து நிமிடம் தொடர்ந்து ஒலிக்கும் 125 எழுத்துகளைக் காதால் கேட்டு எழுத வேண்டும். ஐந்து பிழைக்கு மேல் போனால் தோல்வி. முதல் கிரேடுக்கு வேகம் 12 சொல். தேறிய பின்பும் வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும். தேர்வெழுதிய நாளுக்கும் உரிமம் தபாலில் வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடும், சிலருக்கு ஆண்டே ஓடிவிடும்.

உரிமம் வந்த பிறகு கருவிக்கு எங்கே போவது? போர் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட ரிசீவர்கள்தான் அன்றைய செல்வம். டிரான்ஸ்மிட்டரை அவரவரே சமைத்தார்கள். ஹாம்களின் பேச்சில் அதற்கு ‘ஹோம்புரூ’ என்று பெயர். 807 என்ற வால்வை வைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டர்கள் உலகெங்கும் முணுமுணுத்த காலம் அது. அதில் ஒரு கண்டென்சர் வெடித்தால் எது வெடித்தது, ஏன் வெடித்தது என்று கட்டியவருக்குத் தெரியும். நான் பொறாமைப்படுவது அந்த அறிவைப் பார்த்துத்தான்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வியூ2ஆர்ஜி என்ற அழைப்புக்குறியோடு தாமே ஹாமாக இருந்த ராஜீவ் காந்தி பிரதமரான காலத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு மதிப்பு வந்தது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, சிற்றலையில் பேச மோர்ஸ் கட்டாயம் என்ற பழைய விதியை நாடுகளின் விருப்பத்துக்கு விட்டது. இந்தியாவில் ரெஸ்ட்ரிக்டெட், ஜெனரல் என்று இரண்டே கிரேடுகள் மிஞ்சின. முன்னதற்கு மோர்ஸ் இல்லை. பின்னதற்கு நிமிடத்துக்கு 8 சொல். 12 வயது நிரம்பிய பிள்ளையும் எழுதலாம். வால்வுப் படம் வரைய வேண்டியதில்லை, சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்ணப்பம் அரசின் ‘சரள் சஞ்சார்’ இணையதளத்தில். மரக்காணத்துப் பெண் ஒருத்தி கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை பஸ் பிடித்தால், சென்னைப் பெருங்குடியில் இருக்கும் வானொலிக் கண்காணிப்பு நிலையத்தில் தேர்வெழுதிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000 என்று வைத்தார்கள். கையடக்க சீன செட் ஒன்று, நடுத்தர செல்போனின் விலையில் பாதிகூட இல்லை.

கிடைத்தது பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று கம்பியும் காசும் ஆங்கிலமும் உள்ள சில வீடுகளுக்கு மட்டும் எட்டிய ஒன்று, இன்று உப்பளத் தொழிலாளியின் மகனுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. போனது கண்ணுக்குத் தெரியாதது. கையடக்க செட் பழுதானால் திறந்து பார்ப்பவர் குறைவு, தூக்கிப்போட்டு வேறு வாங்குகிறோம். அந்தச் செட் பார்வை எட்டும் தொலைவு வரைதான் பேசும். அதற்கு மேல் போக, வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். ரிப்பீட்டரும் ஒரு கோபுரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. புயலில் உண்மையாகத் துணை நிற்பது, பழையவர்கள் செய்ததுபோல் கம்பி கட்டி, இரைச்சலுக்கு நடுவே மெலிந்த குரலைப் பிரித்தெடுக்கத் தெரிந்த சிற்றலைக்காரர்தான். பி.எஸ்.என்.எல். நடத்திவந்த தந்தியும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ‘கட்டுக் கட கட்டு’ ஓசையைச் செவியால் படிக்கும் ஊர்த் தந்தியாளர் இனி இல்லை.

கேட்டுப் பழகிய காது என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம்களுக்கு அனுமதி இல்லை. அந்த மாதம்தான் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், அனுமதி பெற்று போர்ட் பிளேரில் வியூ4ஆர்பிஐ என்ற குறியோடு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அது விளையாட்டுக்கான பயணம். ஆழிப்பேரலை அடித்ததும் அதே செட், தீவுகளிலிருந்து உறவினரைத் தேடியவர்களின் செய்திகளைச் சுமந்தது. இலங்கையிலும் தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டையைக் கொழும்போடு ஹாம்களே சிற்றலையில் இணைத்தார்கள். அவர்கள் யாரும் அன்று காலையில் கற்றுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அல்லர்.

இந்தக் கரைக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. செங்குத்தான ஆன்டெனாவுக்குக் கீழே உப்புநீர் இருந்தால் அதைவிட நல்ல தரை வேறில்லை. அலை தாழ்வாகக் கிளம்பி நெடுந்தூரம் ஓடும். வெளிநாட்டு ஹாம்கள் இதற்காகவே செட்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரை தேடிப் போகிறார்கள். மரக்காணத்தில் பாத்திகளும் கழிமுகமும் அந்தத் தரையை ஏக்கர் கணக்கில் விரித்து வைத்திருக்கின்றன. அதே உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கும், அலுமினியத்தை அரிக்கும். இணைப்புகளை மாதமொருமுறை அவிழ்த்துத் துடைக்க வேண்டும். உப்பளத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்று தெரிந்த ஊருக்கு இது புதிய பாடமல்ல.

அன்றைய ஹாம், தான் பேசிய ஒவ்வொருவருக்கும் கியூஎஸ்எல் என்ற அஞ்சலட்டையை அனுப்பினார். மாதங்கள் கழித்து ஜப்பானிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ பதில் அட்டை வந்து சுவரில் ஏறும். இன்று அந்த உறுதிப்பாடு கணினியில் ஒரு நொடியில் பதிவாகிவிடுகிறது, சுவர் வெறுமையாக இருக்கிறது. வயது எதுவாயினும் ஒருவரையொருவர் ‘ஓல்டு மேன்’ என்று அழைப்பதும், விடைபெறும்போது ‘73’ சொல்வதும் அப்படியே இருக்கின்றன. மாறாத இன்னொன்றும் உண்டு. வால்வுச் செட்டானாலும் சீனச் செட்டானாலும், பேசத் தொடங்குமுன் அலைவரிசையில் சற்று நேரம் காது கொடுத்திருந்துவிட்டு, “இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். பதில் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். பிறகுதான் அழைப்பைத் தொடங்க வேண்டும்.