புகாரை வாங்க மறுத்தால் என்ன செய்வது? விருத்தாசலம் வழக்கு காட்டும் வழி

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்டார்கள். முருகேசன் தலித் சமூகத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி; கண்ணகி வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த பட்டதாரிப் பெண். அந்த ஆண்டு மே மாதம் இருவரும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் குடும்பத்தாரே இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்று, உடல்களை எரித்தார்கள்.

முருகேசன் வீட்டாரின் புகாரின்மேல் காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. செய்தி வெளியில் பரவிய பிறகு, ஒன்பது நாள் கழித்து ஜூலை 17 அன்றுதான் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவானது. அதிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். 2004-இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர்நீதிமன்றம் 2022-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. குற்றவாளிகளின் மேல்முறையீடுகளை உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 28 அன்று தள்ளுபடி செய்தது. பொய்ச் சாட்சியம் உருவாக்கியதாகத் தண்டிக்கப்பட்ட இரண்டு காவல் அதிகாரிகளும் தப்பவில்லை. முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த இழுபறி ஏறக்குறைய 22 ஆண்டு நீடித்தது. அதன் தொடக்கம் காவல் நிலைய மேசையில் பதியப்படாமல் கிடந்த ஒரு புகார். ஆகவே புகார் கொடுக்கப் போகும் எவரும், அவருக்குத் துணை நிற்கும் வழக்கறிஞரும், சட்டம் படிக்கும் மாணவரும் கீழ்க்கண்டவற்றை அறிந்திருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது

"மனுவை வச்சுட்டுப் போங்க, விசாரிச்சுச் சொல்றோம்" என்று சொல்லி சி.எஸ்.ஆர். எண் போட்ட சீட்டு ஒன்றைக் கையில் தருவார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிப் பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அது மனு பெறப்பட்டதற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். அதன் நகலைக் கட்டணமின்றி உடனே தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் இது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. "இது எங்க லிமிட் இல்ல" என்ற பேச்சுக்கும் இப்போது இடமில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் போதும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். கொலை அந்த வரம்பில் வராது.

மறுத்தால் ஏற வேண்டிய படிகள்

முதலில், அதே புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். விருத்தாசலத்தாருக்கு அது கடலூர் எஸ்.பி. அலுவலகம். அஞ்சல் ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள்.

அதற்கும் அசைவில்லை என்றால், அதே சன்ஹிதாவின் பிரிவு 175(3)-இன்படி குற்றவியல் நடுவரிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனு செய்யலாம். நிலையத்தில் கொடுத்ததற்கும் எஸ்.பி.க்கு அனுப்பியதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால் மனு அங்கேயே விழுந்துவிடும். நேரே உயர்நீதிமன்றத்துக்கு ஓடி டைரக்ஷன் மனு போடும் பழக்கம் நம் வழக்கறிஞர்களிடம் உண்டு. முதலில் நடுவரை அணுக வேண்டும் என்று சாகிரி வாசு வழக்கில் 2007-இல் உச்சநீதிமன்றம் சொன்னதை மறக்கக் கூடாது. மறந்தால் கட்சிக்காரரின் பணமும் நாளும் வீணாகும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, குற்றம் செய்தவர் அச்சமூகங்களைச் சேராதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கூடுதல் பலம் தருகிறது. முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18-ஏ சொல்கிறது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது. கடமையை வேண்டுமென்றே செய்யாத பொது ஊழியர், அவர் பட்டியல் சமூகத்தவர் அல்லாதவராக இருந்தால், பிரிவு 4-இன்கீழ் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை செல்ல நேரிடும். சிறப்பு நீதிமன்றம் நேரடியாகவே வழக்கைக் கோப்பில் எடுக்கலாம். கொலை வழக்கில் மத்திய விதிகளின்படி குடும்பத்துக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதில் பாதியைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே தர வேண்டும். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

சாட்சி பிறழாமல் காக்க

ஊர்க் கட்டுப்பாடும் அச்சமும் நிறைந்த வழக்குகளில் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்வார்கள். விருத்தாசலம் வழக்கிலும் அது நடந்தது. பிறழ் சாட்சியின் வாக்குமூலம் முழுவதையும் ஒதுக்கிவிடத் தேவையில்லை, நம்பத்தக்க பகுதியை ஏற்கலாம் என்பது நிலைபெற்ற சட்டம். ஆனாலும் முன்கூட்டியே காப்பது நல்லது. பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில், காவல்துறை அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 183 கட்டாயமாக்கியிருக்கிறது. 2018-இல் உச்சநீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. பாதுகாப்பு கேட்டு மனுப்போடுவது வழக்கறிஞரின் வேலை. சாட்சிக்கு அது தெரிந்திருக்காது.

உயிர் போகும் முன்பே

சாதி மறுத்து மணந்தவர்கள் மிரட்டல் வந்த அன்றே பாதுகாப்புக் கோரலாம். மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2016-இல் சென்னை உயர்நீதிமன்றமும், பாதுகாப்பு இல்லங்கள் பற்றி 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றமும் கட்டளையிட்டிருக்கின்றன. கட்டணமில்லாச் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்ற எண்களை அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவையும் அணுகலாம்.

ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. இப்போதுள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 199, பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றில் புகாரைப் பதியாத அதிகாரிக்குச் சிறை என்கிறது. அந்தப் பட்டியலில் கொலை இல்லை. புதிய சட்டம் அடைக்க வேண்டிய முதல் ஓட்டை இதுவே. அதை இயற்றுவோரிடம் வழக்கறிஞர் சங்கங்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் எழுத்து வடிவில் கோரிக்கை வைக்க வேண்டும்.