உஷார்! ‘நம்ம ஆளுதான், வாங்க’ என்று கூப்பிடும் கார்

திருச்சி, சென்னை, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தாவது உங்கள் சொந்தக்காரர்கள் பேராக்கிற்கு வரப்போகிறார்களா? இதைப் படித்த கையோடு அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். கேஎல்ஐஏ விமான நிலைய வருகை மண்டபத்தில் தமிழில் கூப்பிடும் முன்பின் தெரியாத எவர் பின்னாலும் போகக் கூடாது. பெட்டியை அவர் கையில் கொடுக்கவே கூடாது.

நடப்பது இப்படித்தான். இரவெல்லாம் விமானத்தில் கண் விழித்து, குடிநுழைவு வரிசையில் கால் கடுக்க நின்று ஒருவர் வெளியே வருகிறார். கையில் இரண்டு பெட்டி, கூடவே வயதான அம்மா. சிரித்த முகத்தோடு ஓர் ஆள் நெருங்கி வருகிறார். “அண்ணே, எந்த ஊருக்கு? ஈப்போவா? நானும் அந்தப் பக்கம்தான், சுங்கை சிப்புட். வாங்கண்ணே, நம்ம ஆளுதான்.” தெரிந்த ஊர்ப் பேர் காதில் விழுந்ததும் வந்தவருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கிறது. பெட்டி கை மாறுகிறது. நடப்பதோ டாக்சி நிற்கும் இடத்துக்கு இல்லை, கார் நிறுத்துமிடத்தின் ஏதோ ஒரு மாடிக்கு. அங்கே ஒரு சாதாரண வீட்டுக் கார். மீட்டர் கிடையாது, ஒட்டுவில்லை கிடையாது, ரசீது கிடையாது. எவ்வளவு என்று கேட்டால், “அதெல்லாம் போய்ப் பாத்துக்கலாம்ணே, நமக்குள்ள என்ன கணக்கு.”

கணக்கு தஞ்சோங் மாலிம் தாண்டியதும் வருகிறது. டோல் தனி, பெட்ரோல் தனி, பெட்டிக்குத் தனி, ராத்திரிக்குத் தனி. கேஎல்ஐஏவிலிருந்து ஈப்போ 250 கிலோமீட்டருக்கு மேல். நடு இரவில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், இரண்டு பக்கமும் செம்பனை இருட்டாக நிற்கும்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவார்? கேட்டதைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். பணத்தோடு போனால் அதிர்ஷ்டம். அந்த இருக்கையில் தனியாக வந்த பெண்பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கார் எண்கூட உங்களுக்குத் தெரியாது.

இப்படி விமான நிலையத்தில் ஆள் பிடிப்பவர்களை ‘உலாட் தெக்சி’ என்பார்கள். உரிமம் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வண்டி ‘கெரேத்தா சாப்பு’. சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜேபிஜே, எத்தனையோ முறை சோதனை நடத்திப் பிடித்திருக்கிறது. பிடித்த பிறகும் வருகிறார்கள். எல்லா இனத்தவரும் இதில் உண்டு. சீனரைக் கண்டால் சீனத்தில் கூப்பிடுவார்கள், நம்மவரைக் கண்டால் தமிழில் கூப்பிடுவார்கள். நம் ஆட்கள் தமிழைக் கேட்டதும் இளகிவிடுகிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான்.

இந்த நம்பிக்கை நமக்கு வந்த வழியும் உண்டு. பேராக் தோட்டப்புறங்களில் வாழ்ந்த காலத்தில் டவுனுக்குப் போகும் டாக்சிக்காரர் யார் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெண்டாட்டி, பிள்ளை, குலதெய்வம் வரைக்கும் தெரியும். சம்பள நாள் வரை கடன் சொல்லிக்கூடப் போய் வந்திருக்கிறார்கள். அந்த டாக்சிக்காரர் ஏமாற்றினால் அடுத்த நாள் தோட்டத்துக்குள் தலை காட்ட முடியாது. அந்த ஊர்க்கட்டு விமான நிலையத்தில் கிடையாது. தமிழ் பேசுகிறார் என்பதைத் தவிர அந்த ஆளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஏன் இத்தனை பதற்றம் என்றால், 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று மலேசியா கதவைத் திறந்துவிட்டது. வெளிநாடே போகாத சித்தப்பாக்களும் அத்தைகளும் முதல் முறையாக விமானம் ஏறி வருகிறார்கள். கைப்பேசியில் ஓலாவும் ஊபரும் இருக்கின்றன, இறங்கியதும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் இங்கே வேலை செய்யாது. ஊபர் 2018 மார்ச்சில் தென்கிழக்காசியத் தொழிலை கிராப்பிடம் விற்றுவிட்டுப் போய்விட்டது. ஓலா இங்கே வந்ததே இல்லை. உள்ளூர் சிம் இல்லை, செயலி திறக்கவில்லை, ஒரு மூலையில் நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மேலே சொன்ன ஆள் வந்து நிற்பார். ஆகவே கிராப் செயலியை ஊரிலேயே இறக்கி, கைப்பேசி எண்ணைச் சரிபார்த்து, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கைப்பேசி ஓடாது என்றால் நீங்கள் ஈப்போவில் உட்கார்ந்தபடியே அவர்களுக்காக வண்டியைப் பதிவு செய்யலாம். வண்டி எங்கே வருகிறது என்பதையும் உங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம். டாக்சிதான் வேண்டும் என்றால் மண்டபத்துக்குள்ளேயே கூப்பன் முகப்பு இருக்கிறது, பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறலாம். இவ்வளவு தூரத்துக்குக் காரே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விமான நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. கேஎல் சென்ட்ரல் வரை விரைவு ரயிலில் சுமார் அரை மணி நேரம், அங்கிருந்து இடிஎஸ் ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ கொண்டுவந்து சேர்த்துவிடும்.

கார் எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். மலேசியாவில் உரிமம் பெற்ற டாக்சியின் எண் பலகை பொதுவாக ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்த எழுத்து மாநிலத்தைக் காட்டும்: கோலாலம்பூருக்கு எச்.டபிள்யூ, சிலாங்கூருக்கு எச்.பி, நம் பேராக்கிற்கு எச்.ஏ. கிராப் போன்ற இ-ஹெய்லிங் வண்டிகள் சாதாரண எண் பலகையில்தான் ஓடும். ஆனால் கண்ணாடியில் அதற்கான ஒட்டுவில்லை இருக்க வேண்டும், ஓட்டுநரிடம் பொதுப் போக்குவரத்து ஓட்டும் பிஎஸ்வி உரிமம் இருக்க வேண்டும். 2019 முதல் அது கட்டாயம். ‘எச்’ எழுத்தும் இல்லை, கூப்பன் சீட்டும் இல்லை, ஒட்டுவில்லையும் இல்லை, செயலியிலும் அந்த எண் வரவில்லை என்றால் அது யாரோ ஒருவரின் கார். யாரோ ஒருவரின் காரில் ஏறுவோமா?

செயலியில் பதிவு செய்த வண்டி வந்து நின்றாலும் எண்ணை ஒப்பிடாமல் கதவைத் திறக்காதீர்கள். “செல்வத்துக்குத்தானே வந்தீங்க?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். “யாரைக் கூட்டிப்போக வந்தீங்க?” என்று கேளுங்கள், பேரை அவர் சொல்லட்டும். 2019இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி, தான் கூப்பிட்ட ஊபர் என்று நினைத்து வேறொரு காரில் ஏறிக் கொல்லப்பட்டார். அந்தக் காரின் பின்கதவுகளில் குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டுநரிடம் ‘என் பேர் என்ன’ என்று கேட்கும் பழக்கத்தை அங்கே பரப்பினார்கள். உட்காரும் முன் பின்கதவை உள்ளிருந்து ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வதும் அந்தச் சாவு சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

செயலி இருந்தால் போதும், உரிமம் இருந்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2014 டிசம்பரில் டில்லியில் ஊபரில் வீடு திரும்பிய ஒரு பெண்ணை ஓட்டுநரே பாலியல் வன்கொடுமை செய்தார். அவர் காட்டியிருந்த நன்னடத்தைச் சான்றிதழ் போலி என்று பிறகு தெரிந்தது; 2015இல் ஆயுள் தண்டனை. லண்டனின் கறுப்பு டாக்சி உலகத்துக்கே நம்பிக்கையான வண்டி. அதை ஓட்டிய ஜான் வோர்பாய்ஸ், தனக்குப் பரிசுப் பணம் விழுந்ததாகச் சொல்லிப் பெண் பயணிகளுக்கு ஷாம்பெய்ன் ஊற்றிக் கொடுத்தார். அதில் மயக்க மருந்து கலந்திருந்தது. 2009இல்தான் தண்டனை கிடைத்தது. ஓட்டுநர் நீட்டும் தண்ணீரானாலும் கோப்பியானாலும் மிட்டாயானாலும், “வேணாம் அண்ணே, இப்பத்தான் குடிச்சேன்” என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக ஒரு வாய்கூட வேண்டாம்.

நாமும் வெளிநாடு போகும்போது வெளிநாட்டுப் பயணிதான், அதை மறந்துவிடுகிறோம். 2025 ஜனவரியில் சீன நடிகர் வாங் சிங், படப்பிடிப்பு வேலை என்று நம்பி பாங்காக்கில் இறங்கினார். விமான நிலையத்தில் அவரை அழைத்துப்போகக் கார் காத்திருந்தது. அந்தக் கார் அவரை மியன்மார் எல்லையில் இருக்கும் மே சோட்டுக்குக் கொண்டுபோனது. சில நாள் கழித்து எல்லைக்கு அப்பால் மியாவாடியிலிருந்து மீட்டார்கள். 2022இல் நம் ஈப்போ இளைஞர் ஒருவரும் இணையத்தில் பழகிய பெண்ணைப் பார்க்க பாங்காக் போனார். உயிரோடு திரும்பவில்லை, அதே மே சோட்டில் மருத்துவமனையில் இறந்தார். நமக்கென்று யாரோ அனுப்பிவைத்த கார் காத்திருக்கிறது என்றால் அந்த யாரோ யார் என்று முதலில் தெரிய வேண்டும். ஏறிய பிறகும் சொந்தக் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்து, ஊருக்குள் போகிறதா ஊரைவிட்டு வெளியே போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி பேராக்கிற்குள் வருவோம். நம்மில் பலர் கவனிக்காத ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறார்கள். கண்ணில் நீர் வரவழைக்கும் ஆசை. ஆனால் அந்தத் தோட்டம் இப்போது எங்கே? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ரப்பர்த் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் டவுனுக்கும் மலிவுவிலை அடுக்ககங்களுக்கும் போய்விட்டார்கள். தாத்தாவின் பழைய கடிதத்தில் இருப்பது நம்மவர்கள் தமிழில் வைத்துக்கொண்ட தோட்டப் பெயர். கம்பெனிப் பதிவில் வேறு பெயர், இன்றைய உரிமையாளர் வைத்த பெயர் இன்னொன்று. வரைபடத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது அந்தத் தோட்டப் பெயரைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளி. பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும் பெயர் மாறியிருக்காது. வண்டி உங்களைத் தோட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

உள்ளே போகும் செம்மண் பாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எங்கே பார்த்தாலும் செம்பனை, பலகை கிடையாது, கைப்பேசி அலைவரிசை பல இடங்களில் எடுக்காது. கூட்டிப்போன ஓட்டுநர் பாதி வழியில், “இதுக்கு மேல போகணும்னா இன்னும் நூறு வெள்ளி” என்றால் இறங்கி எங்கே போவது? திரும்பி வருவதற்குச் செயலியில் வண்டி கூப்பிடலாம் என்று கனவு காணாதீர்கள். அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திக் கட்டிய கெல்லி கோட்டைக்குப் போகிறவர்களுக்கே இந்தக் கதி வருகிறது. போக வண்டி கிடைக்கும், வர வண்டி கிடைப்பது பாடு. காத்திருக்கும் நேரம், திரும்பி வருவது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டணத்தைப் பேசி, அதை ஓட்டுநருக்குப் புலனத்தில் எழுதி அனுப்பி, அவர் சரி என்று பதில் போட்ட பிறகே ஏறுங்கள். தோட்டத்துக்குப் போவதென்றால் பகலில் போங்கள், அந்தத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேருந்தில் வருகிறவர்களுக்கும் ஒரு சொல். ஈப்போ என்று டிக்கெட்டில் இருந்தாலும் இறங்குவது மேரு ராயாவில் இருக்கும் அமான்ஜெயா முனையத்தில். டவுனிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். இரவு நேரத்தில் இது தெரியாமல் விழிக்கிறவரின் முகத்தைப் பார்த்தே கட்டணம் சொல்லப்படுகிறது. நீங்கள் முன்கூட்டியே போய் நில்லுங்கள்.

கடைசியாக, சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். “நம்ம தம்பி ஒருத்தன் வேன் வெச்சிருக்கான், ஏர்போர்ட்டுக்கு அவனையே அனுப்பிடலாம்” என்று நாமே பேசி முடிக்கிறோமே, அந்தத் தம்பியின் வண்டியும் பல நேரம் கெரேத்தா சாப்புதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதி, காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் பயணத்துக்குச் செல்லாது. தாப்பா பக்கத்தில் விபத்து என்றால் ஊரிலிருந்து வந்த அத்தையின் மருத்துவச் செலவை யார் கட்டுவது? உரிமம் இருக்கிறதா, வாடகைக்கான காப்புறுதி இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்பதில் தவறே இல்லை. கேட்டதற்காகக் கோபித்துக்கொண்டால் வேறு வண்டி பாருங்கள்.

வருகிறவரிடம் சொல்லி வையுங்கள்: கடவுச்சீட்டும் பணமும் பின்பெட்டியில் போகக் கூடாது, மடியில் இருக்க வேண்டும். இறங்கும் இடத்தில் பெட்டிகள் வெளியே வந்த பிறகுதான் பணம். நோட்டைக் கொடுக்கும்போது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1 வெள்ளி நோட்டும் 50 வெள்ளி நோட்டும் புதிதாக வந்தவர் கண்ணுக்கு இருட்டில் ஒன்றுபோலத் தெரியும். மனதுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். “வயித்த கலக்குது, அடுத்த ஆர் அண்ட் ஆர்ல நிறுத்துங்க” என்று சொல்லி, வெளிச்சமும் கூட்டமும் இருக்கும் ராவாங் அல்லது தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இறங்கி, 999க்கு அழைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். பெட்டி போனால் போகட்டும்.

பயணச் சீட்டு ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்று இரவே கூப்பிட்டுப் பேசுங்கள். எந்த முனையத்தில் இறங்குகிறார்கள், கிராப் இறக்கியாயிற்றா, உங்கள் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமின்றித் தாளிலும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று மூன்றையும் கேளுங்கள்.