கசியும் மின்னூட்டமும் கணினியின் நினைவகமும்

கணினியின் முதன்மை நினைவகமாகப் பயன்படும் டிராம் சில்லில், பிட் எனப்படும் ஒவ்வோர் இரும இலக்கமும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே கொண்ட நுண்ணறையில் வைக்கப்படுகிறது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1 என்றும் இல்லாவிட்டால் 0 என்றும் கொள்ளப்பட, டிரான்சிஸ்டர் அதற்குக் கதவாக நிற்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் வகுத்த இந்த அமைப்புக்கு 1968இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 சில்லு, பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர் வீதம் 1024 பிட்டுகளையே தாங்கியது. டென்னார்டின் ஒற்றை டிரான்சிஸ்டர் அறையே பின்னாளில் நிலைத்தது.

இவ்வமைப்பின் உண்மையான நுட்பம், எழுதுவதைவிடப் படிப்பதில்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அறைகளுக்குப் பொதுவான பிட் கம்பி முதலில் பாதி மின்னழுத்தத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. பிறகு வரிசைக் கம்பி டிரான்சிஸ்டரைத் திறந்ததும், அறையிலுள்ள சிறிதளவு மின்னூட்டம் நீண்ட அக்கம்பியில் பரவி, அதன் அழுத்தத்தை மிகச் சிறிதே ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. அந்த மெல்லிய வேறுபாட்டைப் பிடித்து முழு அழுத்தமாக வளர்ப்பது உணர் பெருக்கி என்னும் சுற்று. படித்த கணத்திலேயே அறையின் மின்னூட்டம் குலைந்துவிடுவதால், பெருக்கி தான் கண்ட மதிப்பை அதே அறையில் மீண்டும் எழுதிவிடுகிறது. இது வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், திறந்திருக்கும் வரிசையில் அடுத்த தரவு விரைந்து கிடைக்கிறது. வேறு வரிசை வேண்டுமெனில், இதை மூடி அதைத் திறக்கும் தாமதத்தைப் பொறுத்தே ஆகவேண்டும். இத்தாமதத்தை மறைக்கவே, பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் செலவாகும் விரைவான எஸ்ராம் நினைவகம், கேஷ் என்னும் பெயரில் செயலிக்கு அருகே வைக்கப்படுகிறது.

படிக்காமல் விட்டாலும் மின்னூட்டம் நிலைப்பதில்லை. கதவு மூடியிருந்தாலும் அது கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4 நினைவகத்தின் ஒவ்வொரு வரிசையும் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை படித்து எழுதப்பட வேண்டும். வெப்பம் 85 பாகை செல்சியசைத் தாண்டினால் கசிவு மிகுவதால் இக்கெடு பாதியாகிறது. இந்தப் புதுப்பித்தல் மின்சாரத்தையும் நேரத்தையும் விழுங்கினாலும், அறையை இத்தனை சிறிதாக்கிய சிக்கனத்துக்குக் கொடுக்கத் தகுந்த விலையே அது.

அறைகள் நெருங்க நெருங்க வேறோர் இடரும் தலைதூக்கியது. ஒரே வரிசையை இடைவிடாமல் திறந்து மூடினால், தொடப்படாத அண்டை வரிசையின் மின்னூட்டமும் கசிந்து பிட்டுகள் புரளக்கூடும் என்பதை, கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ரோஹேமர் எனப்படும் இக்குறையைத் தாக்குதலாளர் பயன்படுத்த முடியும் என்பதும் அடுத்த ஆண்டே மெய்ப்பிக்கப்பட்டதால், அடிக்கடி திறக்கப்படும் வரிசைகளைக் கண்டறிந்து, அவற்றின் அண்டை வரிசைகளைக் கெடுவுக்கு முன்பே புதுப்பிக்கும் பொறுப்பும் இன்றைய நினைவக வடிவமைப்பில் சேர்ந்துவிட்டது.