டீஸலும் செல்போன் கம்பெனிகளும்

2012-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா செல்போன் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. கிராமாந்தரங்களில் நிற்கும் கோபுரங்களில் நூற்றுக்கு 50-ம், நகரங்களில் நிற்பவற்றில் நூற்றுக்கு 20-ம் 2015-க்குள் சூரியன், காற்று முதலிய இயற்கைச் சக்திகளைக் கம்பி மின்சாரத்தோடு சேர்த்து உபயோகிக்க வேண்டும். 2020-க்குள் இவை முறையே 75-ம் 33-ம் ஆக உயரவேண்டும் என்பது அதன் சாரம். கெடு இரண்டும் கடந்துவிட்டன. குடியானவன் பாங்குக் கடனில் இரண்டு தவணை தவறினால் அவன் வாசலுக்கு நோட்டீஸ் வருகிறது. இக்கம்பெனிகளிடமோ கெடு என்னவாயிற்று என்று உரத்துக் கேட்பவர் அரிது. நாம் கேட்கிறோம்.

உத்தரவு பிறந்த காரணத்தை நேயர்கள் நினைவுகூர்வது நலம். கோபுரங்களுக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்கு 40 பங்கே கம்பி மின்சாரம் என்றும், எஞ்சிய 60 பங்கு டீஸல் ஜெனரேட்டர் என்றும், இதற்காக வருஷத்துக்குச் சுமார் 200 கோடி லிட்டர் டீஸல் எரிகிறது என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அக்காலத்தில் கணக்குச் சொல்லிற்று. ஒவ்வொரு லிட்டரும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடும். டீஸல் விலை 2014 அக்டோபரில்தான் முற்றிலும் கட்டுப்பாட்டினின்று நீக்கப்பட்டது. உழவனுடைய இறைவை யந்திரத்தையும் ஏழைகள் ஏறும் பஸ்ஸையும் உத்தேசித்துப் பொது கஜானா அதுவரை தாங்கிவந்த சலுகையில், லாபம் கருதி நடக்கும் கம்பெனிகளும் பங்கு கொண்டன. இது நியாயமா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து தருவிக்கிறது. சூரியனைத் தருவிக்க வேண்டியதில்லை. அந்நியத் துணியைக் கொளுத்திய தேசத்தில், தலைக்கு மேல் வெயில் காய, அந்நிய எண்ணெயைக் கொளுத்திப் பேசிக்கொண்டிருப்பது நமக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது.

புகையின் சங்கதியும் உண்டு. டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கழகம் 2012 ஜூன் மாதத்தில் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. கோபுரத்துக்கு இடம் கொடுத்தவருக்கு வாடகை வருகிறது. அடுத்த வீட்டாருக்குப் புகையும் இரைச்சலும் வருகின்றன.

கம்பெனிகளின் பதில் என்ன? இப்பொழுது கிராமங்களுக்கு மின்சாரம் முன்னிலும் அதிக நேரம் வருகிறது, ஆகவே டீஸல் குறைந்துவிட்டது என்கிறார்கள். குறைந்தது மெய்யே; அதில் கம்பெனிகளின் முயற்சி எவ்வளவு, மின்வாரியங்களின் முயற்சி எவ்வளவு என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கம்பியில் வரும் மின்சாரத்திலும் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நிலக்கரியின் பிள்ளையே. கோபுரங்களோ எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2022 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சாதனங்கள் மின்சாரத்தை இன்னும் மிகுதியாக விழுங்குகின்றன.

இட நெருக்கடி என்ற ஆட்சேபத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. இரண்டு கிலோவாட் சுமையுள்ள ஒரு கோபுரத்துக்கு நாளொன்றுக்கு 48 யூனிட் வேண்டும். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆக, 12 கிலோவாட் தகடுகளும், அவற்றைப் பரப்ப அரை கிரவுண்டு இடமும் தேவை. சென்னையின் மொட்டைமாடிகளில் இதற்கு எங்கே போவது? சரி. நகரத்துக்கு விகிதம் குறைவாக விதிக்கப்பட்டதே இந்தக் காரணம்பற்றித்தானே! ராமநாதபுரத்துப் பொட்டலில் நிற்கும் கோபுரத்துக்கு இந்த வாதம் எவ்விதம் பொருந்தும்? சூரியன் பாதிச் சுமையைத் தாங்கினாலும் பாதி லாபமே. கஜாப் புயல் போன்ற ஆபத்துக் காலத்துக்கு ஒரு பீப்பாய் டீஸல் கையிருப்பில் இருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. மருந்தாக இருக்க வேண்டியது அன்றாட ஆகாரமாவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

சர்க்காரும் குற்றமற்றவர்கள் அல்லர். வேறோர் இடத்தில் விளையும் பசுமை மின்சாரத்தைக் கம்பி வழியே வாங்க 2022-ஆம் வருஷத்து விதிகள் இடந்தந்தன. குறைந்த அளவு 100 கிலோவாட் என்று வரம்பு கட்டினார்கள். சில கிலோவாட் மட்டுமே வேண்டிய தனிக்கோபுரம் இந்த வாசலில் எப்படி நுழையும்? 2023-ல் விதியைத் திருத்தி, ஒரே மின்விநியோகக் கோட்டத்திலுள்ள பல இணைப்புகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடலாம் என்றார்கள். கோபுரங்கள் தேசமெங்கும் சிதறிக் கிடப்பவை. கோட்டம் என்ற எல்லையை மாகாணம் என்று விரித்தால் கம்பெனிகளின் பாதிச் சாக்குகள் அன்றே தீர்ந்துபோகும்.

2012-ஆம் வருஷத்து உத்தரவிலேயே மற்றொரு ஷரத்தும் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு இருமுறை, நவம்பரிலும் மே மாதத்திலும், தன் கரியமிலக் கணக்கை ஒழுங்குமுறை ஆணையத்திடம் சமர்ப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கு ஜில்லாவாரியாக, இத்தனை கோபுரம், இத்தனை லிட்டர் டீஸல், இத்தனை யூனிட் சூரிய மின்சாரம் என்று தமிழிலும் பிற தேசபாஷைகளிலும் பிரசுரிக்கப்பட வேண்டும். மாதந்தோறும் பணம் கட்டும் ஜனங்களுக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. பார்லிமெண்டின் அடுத்த கூட்டத்தில் தமிழ்நாட்டு அங்கத்தினர் ஒருவரேனும் இந்தக் கேள்வியை எழுப்புவாராக. தொண்டர்கள் தத்தம் தொகுதி அங்கத்தினருக்கு இந்த வாரமே கடிதம் எழுதட்டும்.